ஆணை போட்டதும் நடந்துவிட்டதா? திருத்தந்தையர் வரலாற்றை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருத்தந்தையரை, அதாவது ரோமின் போப்புகளைப் பற்றி எழுதும்போது நேரும் பிழைகள் பலவற்றுக்கு ஒரே வேர்தான். ரோமிலிருந்து ஓர் ஆணை புறப்பட்டது என்பதையே அது நிறைவேறியதற்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறோம். அதில் என்ன உரிமை கோரப்பட்டது என்பது பாதிக் கதை. அதை யார் ஏற்றார், யார் தம் நாட்டில் வாசிக்கவே விடவில்லை, யார் தீயில் போட்டார் என்பது மீதிப் பாதி.

1302இல் எட்டாம் போனிஃபாஸ் வெளியிட்ட 'ஊனம் சாங்தம்' என்ற ஆணை ஓலையைப் பாருங்கள். மீட்பு வேண்டுமானால் ஒவ்வொரு மனிதரும் ரோமைத் தலைவருக்குக் கீழ்ப்படிந்தே ஆகவேண்டும் என்று அது முடிகிறது. இந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டு, இடைக்கால அரசர்கள் எல்லாரும் போப்பின் சொல்லுக்கு ஆடினார்கள் என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால் 1303 செப்டம்பரில் பிரெஞ்சு அரசர் நான்காம் பிலிப்பின் அமைச்சர் நொகாரே, ரோமின் கொலோன்னா குடும்பத்தாருடன் சேர்ந்து அனாஞி நகரில் அதே போனிஃபாஸைச் சிறைபிடித்தார். ஊர்மக்கள் மீட்டுவிட்டார்கள், அக்டோபரில் அவர் இறந்துபோனார். 1309 முதல் திருத்தந்தையர் ரோமில் அல்ல, இன்றைய பிரான்சிலுள்ள அவிஞ்ஞோனில் தங்கினார்கள். மிகப் பெரிய உரிமைக் கோரிக்கை, அதிகாரம் கைநழுவிக்கொண்டிருந்த நேரத்தில் எழுந்தது. இப்படி நடந்தது ஒருமுறை மட்டுமல்ல.

1215 ஆகஸ்டில் மூன்றாம் இன்னொசென்ட் அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய இங்கிலாந்தின் மகா சாசனத்தை (மாக்னா கார்ட்டா) செல்லாது என்றார். மறு ஆண்டே, அரசர் ஜான் இறந்தபின், திருத்தந்தையின் தூதர் குவாலாவே தம் முத்திரையிட்டு அந்தச் சாசனத்தைத் திருத்திய வடிவில் மறுபடி வெளியிட்டார். 1570இல் ஐந்தாம் பயஸ் முதலாம் எலிசபெத்தின் பட்டம் பறிபோனதாக அறிவித்தார். அரசி 1603 வரை ஆண்டார். இழப்பு இங்கிலாந்துக் கத்தோலிக்கருக்குத்தான். போப்பின் ஆணைகளை நாட்டுக்குள் கொண்டுவருவது ராஜத்துரோகம் என்று 1571இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. முப்பதாண்டுப் போரை முடித்த 1648இன் வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கையைப் பத்தாம் இன்னொசென்ட் கண்டித்தார். அப்படி ஒரு கண்டனம் வரும் என்று எதிர்பார்த்து, எந்த எதிர்ப்பும் செல்லாது என்ற விதியை உடன்படிக்கையிலேயே முன்கூட்டி எழுதி வைத்திருந்தார்கள்.

ஆகவே ஓர் ஆணையைக் குறிப்பிடும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். அது யாருடைய ஆட்சிப்பகுதிக்குள் செல்ல வேண்டியிருந்தது? அங்கே அதை வெளியிட அரசரின் இசைவு தேவைப்பட்டதா? பத்து ஆண்டு கழித்து நிலைமை என்ன? இயேசு சபை (ஜெசுவிட்) என்ற துறவற அமைப்பின் கலைப்பு இதற்கு நல்ல பயிற்சி. ஃபிரெஞ்சு, ஸ்பானிய, போர்த்துகீசிய அரசவைகள் தம் நாடுகளிலிருந்து இயேசு சபையினரை ஏற்கெனவே துரத்தியிருந்தன. அந்த அரசவைகள் கொடுத்த நெருக்கடியில்தான் 1773 ஜூலை 21 அன்று பதினான்காம் கிளமெண்ட் சபையையே கலைத்தார். கத்தோலிக்கரல்லாத ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் அந்த ஆணையைத் தம் நாட்டில் வெளியிட மறுத்துவிட்டார். அதனால் சபை அங்கே உயிரோடிருந்தது. 1814இல் ஏழாம் பயஸ் அதை உலகெங்கும் மீட்டமைத்தார். "போப் கலைத்தார்" என்ற இரண்டு சொற்களில் இதில் எதுவுமே தெரியாது.

நம் பக்கத்துக்கும் இதே கேள்விகள் பொருந்தும். மயிலாப்பூர், கொச்சி, கொடுங்கல்லூர் மறைமாவட்டங்கள் போர்த்துகீசிய அரசரின் பதுரவாதோ உரிமையின் கீழ் இருந்தன. ஆயரை முன்மொழிபவர் அரசர். 1838இல் பதினாறாம் கிரகோரி 'முல்த்தா பிரெக்ளாரே' ஆணையால் அம்மறைமாவட்டங்களின் ஆட்சியுரிமையை நீக்கி, ரோமின் நேரடிப் பொறுப்பிலிருந்த மறைத்தூதுத் தலைவர்களிடம் ஒப்படைத்தார். அரசரின் இசைவு பெறாத ஆணை செல்லாது என்று கோவா குருக்கள் வாதிட்டனர். ஊர் ஊராகக் கோவில்கள் இரு தரப்பாகப் பிரிந்தன. 1886இல் பதின்மூன்றாம் லியோ போர்த்துகலுடன் உடன்படிக்கை செய்துகொண்டபோதுதான் பெரிய முடிச்சு அவிழ்ந்தது. ஒரு பழைய பங்கின் வரலாற்றை எழுதுபவர் 1838ஐ மட்டும் குறித்துவிட்டு நகர்ந்தால், அந்த ஊர்க் கோவிலில் அரை நூற்றாண்டு நடந்த தகராறு மொத்தமும் விடுபட்டுப்போகும். மதுரையில் மறைப்பணி செய்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி விஷயத்திலும் அப்படியே. மதம் மாறியவர்களுக்குப் பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றை 1623இல் பதினைந்தாம் கிரகோரி அனுமதித்தார் என்பதோடு நிறுத்தக்கூடாது. 1703இல் புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தைத் தூதர் தூர்னோன் 1704இல் உள்ளூர் வழக்கங்கள் பலவற்றைத் தடை செய்தார். 1744இல் பதினான்காம் பெனடிக்ட் அந்தத் தடையை உறுதிசெய்தார். இதற்காக மறைப்பணியாளர் எடுத்துவந்த உறுதிமொழி 1940இல்தான் நீங்கியது.

நிகழ்ச்சியைப் பாதியில் நிறுத்துவது இன்னொரு பழக்கம். இத்தாலியின் கனோசாக் கோட்டை என்றாலே, 1077 ஜனவரியில், சபைவிலக்கம் செய்யப்பட்டிருந்த ஜெர்மானிய அரசர் நான்காம் ஹென்றி பனியில் மூன்று நாள் காத்திருந்து ஏழாம் கிரகோரியிடம் மன்னிப்புப் பெற்ற காட்சிதான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். அந்த மன்னிப்பால் ஹென்றியை எதிர்த்த ஜெர்மானியப் பிரபுக்களின் கையிலிருந்த முதன்மை ஆயுதமான சபைவிலக்கம் மழுங்கியது என்பதை யாரும் சேர்ப்பதில்லை. 1080இல் கிரகோரி ஹென்றியை மறுபடி சபைவிலக்கம் செய்தார். 1084இல் ஹென்றி ரோமைப் பிடித்து, தாம் நிறுத்திய எதிர்-திருத்தந்தை மூன்றாம் கிளமெண்டின் கையால் பேரரசராக முடிசூடினார். கிரகோரியை மீட்க வந்த நார்மன் படை ரோமையே சூறையாடியது. 1085இல் சலேர்னோவில், தம் நகருக்குத் திரும்ப முடியாத நிலையில் அவர் இறந்தார். ஆயர்களுக்குப் பதவிச் சின்னம் அளிப்பது யார் என்ற வழக்கு 1122இல் வோர்ம்ஸ் உடன்பாட்டில்தான் ஓய்ந்தது. மோதிரமும் கோலும் திருச்சபை தரும். நில உரிமைகளைப் பேரரசர் செங்கோலால் தருவார். வெற்றி யாருக்கு என்று ஒரே வரியில் சொல்ல வரலாறு இடம் தரவில்லை.

திருச்சபைக் கொள்கையை மீறியவர்களை விசாரித்த மன்றங்களை (இன்குவிசிஷன்) எல்லாம் ஒன்றாகக் குவிப்பதும் பெரிய பிழை. ஸ்பெயினில் இயங்கிய மன்றத்துக்கு 1478இல் நான்காம் சிக்ஸ்துஸ் அனுமதி தந்தார். விசாரணையாளரை நியமித்தவர்கள் அரசர்கள். 1482இல் அதன் கொடுமைகளைக் கண்டித்து சிக்ஸ்துஸ் கட்டுப்படுத்த முயன்றபோது, அரசர் ஃபெர்டினாண்டின் எதிர்ப்பால் பின்வாங்க வேண்டியிருந்தது. 1560இல் நிறுவப்பட்ட கோவா மன்றம் போர்த்துகீசிய அரசைச் சார்ந்தது. 1633இல் கலிலேயோவுக்குத் தீர்ப்பளித்ததோ, 1542இல் மூன்றாம் பவுல் அமைத்த ரோமை மன்றம். முதல் இரண்டிலும் திருத்தந்தையரின் பொறுப்பு அனுமதி தந்ததிலும் தடுத்து நிறுத்தாததிலும் இருக்கிறது, மூன்றாவதில் நேரடியானது. பொறுப்பைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. யார்மீது எவ்வளவு என்று சரியாகச் சுமத்துவதற்காகத்தான்.

பெயர்களிலும் எண்களிலும் அவசரம் வேண்டாம். அவிஞ்ஞோனில் 1309 முதல் 1377 வரை இருந்த ஏழு பேரும் முறையான திருத்தந்தையரே. எதிர்-திருத்தந்தையர் வருவது, ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் திருத்தந்தை என்று உரிமை கோரிய, 1378இல் தொடங்கிய பெரும் பிளவில். 1417இல் கொன்ஸ்தான்சு சங்கம் ஐந்தாம் மார்ட்டினைத் தேர்ந்தெடுத்தபோது அந்தப் பிளவு முடிவுக்கு வந்தது. இந்தக் காலத்து எதிர்-திருத்தந்தையர் சிலரின் பெயரையும் எண்ணையும் பிற்காலத்தில் முறையான திருத்தந்தையர் எடுத்துக்கொண்டார்கள். பிளவுக் காலத்து ஏழாம் கிளமெண்ட் வேறு, 1523இல் வந்த மெதிச்சி குடும்பத்து ஏழாம் கிளமெண்ட் வேறு. 1410இல் வந்த 'இருபத்து மூன்றாம் ஜான்' கொஸ்ஸா. 1958இல் அதே எண்ணை ஏற்றவர் ரொன்கால்லி. இருபதாம் ஜான் என்று ஒருவரே கிடையாது. ஸ்தேவான்களின் எண்ணிலும் குழப்பம் உண்டு. 752இல் தேர்வாகி, ஆயராகத் திருநிலைப்படுத்தப்படும் முன்பே இறந்த ஒருவரை 1961இல் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். 756இல் பிராங்கு அரசர் பெப்பினிடம் நிலக்கொடை பெற்றவர் பழைய நூல்களில் மூன்றாம் ஸ்தேவான், புதியவற்றில் இரண்டாம் ஸ்தேவான். எனவே பெயரோடு பதவிக்காலத்தையும் எப்போதும் எழுதுங்கள். அந்தப் பெப்பின் கொடையை, பேரரசர் கான்ஸ்டன்டைன் திருத்தந்தைக்கு நிலமும் அதிகாரமும் தந்ததாகச் சொல்லும் 'கான்ஸ்டன்டைன் நன்கொடை'யோடு கலக்காதீர்கள். பின்னது போலி ஆவணம் என்று லொரென்சோ வல்லா 1440இல் மொழிநடையை ஆராய்ந்து காட்டினார்.

1870ஐ விளக்குவதில் இரண்டு பிழைகள் சேர்ந்தே வரும். ஜூலை 18 அன்று முதலாம் வத்திக்கான் சங்கம் திருத்தந்தையின் வழுவா வரத்தை (பிழையாமையை) வரையறுத்தது. போப் சொல்வதெல்லாம் பிழையற்றது என்பதல்ல இதன் பொருள். விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றிய ஒரு போதனையை முழுத் திருச்சபைக்கும் இறுதியாக வரையறுக்கும்போது மட்டுமே அது பொருந்தும். அதன்பின் இப்படி வெளிப்படையாகப் பயன்பட்டது ஒரே முறை: 1950இல் மரியாவின் விண்ணேற்பை பன்னிரண்டாம் பயஸ் வரையறுத்தபோது. அரசியல் கருத்தும் சுற்றுமடலும் தாமாக இந்த வரையறைக்குள் வந்துவிடாது.

அதே 1870இல், செப்டம்பர் 20 அன்று இத்தாலியப் படை ரோமுக்குள் நுழைந்தது. திருத்தந்தையரின் நாடு மறைந்தது. இத்தோடு செல்வாக்கும் போயிற்று என்று எழுதுவது இரண்டாவது பிழை. கையளவு நிலம் இல்லாமலிருந்த 59 ஆண்டுகளிலும் திருப்பீடம் (திருத்தந்தையின் ஆட்சி அமைப்பு) தூதர்களை அனுப்பியது, ஏற்றது. 1885இல் கரோலின் தீவுகளுக்காக ஜெர்மனியும் ஸ்பெயினும் மோதியபோது பதின்மூன்றாம் லியோதான் சமரசம் செய்தார். 1929 பிப்ரவரி 11 அன்று லாத்தரன் உடன்படிக்கையால் பிறந்த சுமார் 44 ஹெக்டேர் வத்திக்கான் நகர் நாடு, திருப்பீடத்துக்குத் தன்னாட்சியான இருப்பிடம் தந்தது. இன்றும் அயல்நாட்டுத் தூதர்கள் பொறுப்பேற்பது திருப்பீடத்திடம். ஐ.நா.வில் 1964 முதல் நிரந்தரப் பார்வையாளராக இருப்பதும் அதுவே.

கடைசியாகத் தேதி. ஆணை ஓலைகளில் நெடுங்காலம் மார்ச் 25 அன்றே ஆண்டு பிறந்தது. கிரகோரியன் நாட்காட்டியை அறிவித்த ஆணையின் பாடத்தில் 1581 என்று இருக்கும். நம் கணக்கில் அது 1582 பிப்ரவரி 24. ஜனவரி முதல் மார்ச் 24 வரையிலான ஆவணம் எதிலும், திருத்தந்தையின் பதவியாண்டு அதிலேயே குறிக்கப்பட்டிருந்தால் அதோடு ஒப்பிட்டுப் பார்த்தபிறகே ஆண்டை எழுதுங்கள். நூல் வெளிவந்த ஆண்டையும் கவனியுங்கள். பன்னிரண்டாம் பயஸ் காலத்து வத்திக்கான் ஆவணங்கள் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது 2020 மார்ச் 2 அன்று. யூத இனப்படுகொலையின்போது அவர் செய்ததையும் செய்யாததையும் பற்றி அதற்கு முன் வந்த நூல்கள், எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும், பெரும்பாலும் அந்தப் பெட்டிகளைப் பார்க்காமல் எழுதப்பட்டவை.