கிச்சன்ல எங்கிருந்தோ வர்ற குளிர் காத்தை அடைக்கிறது எப்படி?

குளிர் நாள்ல சமைக்கும்போது கால்கிட்ட மட்டும் ஜில்லுனு காத்து அடிக்குதா? உடனே ஜன்னலுக்கு டேப் ஒட்ட ஓடாதீங்க. நிறைய வீட்ல காத்து உள்ள வர்ற பெரிய வழி சிங்க்குக்கு கீழ பைப் போற ஓட்டைதான், அது கேபினெட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கறதால யார் கண்ணுக்கும் படாது.

ஸ்டெப் 1: முதல்ல தேடுங்க

வெளிய காத்து நல்லா வீசுற நாளா பாத்து, ஜன்னல் கதவெல்லாம் மூடிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனை போடுங்க. அது உள்ள இருக்கற காத்தை வெளிய இழுக்கறதால, அந்த எடத்தை நிரப்ப ஒவ்வொரு சந்து வழியாவும் வெளிக்காத்து வேகமா உள்ள வரும். வீட்ல கேஸ் பாய்லரோ விறகு அடுப்போ இருந்தா அதை மொதல்ல அணைச்சிடுங்க, இல்லன்னா அதோட புகையும் உள்ள இழுபடும். இப்ப ஊதுபத்தி ஒண்ணை கொளுத்தி ஜன்னல் ஓரம், கதவு அடி, வெளிச்சுவர்ல இருக்கற ஸ்விட்ச் போர்டு, சிங்க் கீழன்னு மெதுவா கொண்டு போங்க. புகை எங்க கலையுதோ அங்க பென்சில்ல ஒரு குறி.

கண்ணாடி பக்கத்துல புகை நேரா கீழ இறங்குச்சுன்னா அது ஓட்டை இல்ல, கண்ணாடில பட்டு குளிர்ந்த காத்து கனமாகி கீழ விழுது, அவ்ளோதான். அதுக்கு எவ்ளோ சீலன்ட் (சந்தை அடைக்கிற பசை) அடிச்சாலும் வேஸ்ட், கண்ணாடிக்கு இன்சுலேஷன் ஃபிலிம் ஒட்டணும்.

ஸ்டெப் 2: இதை மட்டும் அடைக்காதீங்க

கேஸ் அடுப்பு, பாய்லருக்காக சுவர்ல வச்சிருக்கற வென்ட். குளிருதேன்னு அதுல துணியை திணிச்சா எரியறதுக்கு காத்து பத்தாம கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயு சேரும், அதுக்கு வாசனையும் கிடையாது கலரும் கிடையாது. அடைக்கிற வேலையில இறங்குறீங்கன்னா கூடவே ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரமும் மாட்டிடுங்க.

ஸ்டெப் 3: சிங்க் கீழ

கேபினெட்டை காலி பண்ணி டார்ச் அடிச்சு பாருங்க, அடியில இருக்கற பலகை கழட்ற மாதிரி இருந்தா அதையும் கழட்டுங்க. சின்ன சந்துக்கு சிலிக்கான் சீலன்ட் போதும். விரல் நுழையற அளவு இருந்தா மொதல்ல ஃபோம் கயிறை உள்ள திணிச்சுட்டு மேல சிலிக்கான் போடுங்க. அதைவிட பெருசுக்கு ஸ்ப்ரே ஃபோம், ஆனா அது நல்லா உப்பும், அதனால ஓட்டைல பாதி மட்டும் நிரப்புங்க, கையில க்ளவுஸ் கட்டாயம் (காஞ்சிட்டா தோல்ல இருந்து லேசுல போகாது). சூடான புகைக்குழாய் பக்கத்துல மட்டும் இந்த ஃபோம் கூடவே கூடாது, நெருப்பு தாங்கற சீலன்ட்தான் அங்க. எலி தொல்லை இருந்தா ஃபோமுக்கு முன்னாடி ஸ்டீல் வுல் கொஞ்சம் திணிச்சிடுங்க, வெறும் ஃபோமை எலி கடிச்சிடும்.

ஸ்டெப் 4: ஜன்னலும் கதவும்

ஃப்ரேமும் சுவரும் சேர்ற அசையாத சந்துக்கு அக்ரிலிக் சீலன்ட், மேல பெயின்ட் அடிச்சுக்கலாம் (சிலிக்கான் மேல பெயின்ட் ஒட்டாது). திறந்து மூடற பாகத்துக்கு ஃபோம் இல்லன்னா ரப்பர் ஸ்ட்ரிப், எனக்கு ரப்பர்தான் பிடிக்கும், விலை கூட ஆனா ஃபோம் மாதிரி சீக்கிரம் அமுங்கி போகாது. ஒட்டறதுக்கு முன்னாடி பாத்திரம் கழுவற சோப்பு போட்டு நல்லா தொடைச்சு காய வைங்க, கிச்சன்ல எல்லாத்து மேலயும் கண்ணுக்கு தெரியாத எண்ணெய் படலம் ஒண்ணு இருக்கும், அது மேல ஒட்டுனா எந்த ஸ்ட்ரிப்பும் ஒரு வாரத்துல உரிஞ்சு தொங்கும். கதவு அடிக்கு பிரஷ் வச்ச பட்டை ஸ்க்ரூ போட்டு மாட்டுங்க.

ஸ்டெப் 5: எக்ஸாஸ்ட் ஃபேன்

ஃபேன் ஓடாதப்போ தானா மூடிக்கற மடல் ஒண்ணு வெளிப்பக்கம் இருக்கும். எண்ணெய் பிசுக்குல ஒட்டிக்கிட்டு அது பாதி திறந்தே நிக்கும், காத்தும் தாராளமா வரும். கரன்ட்டை ஆஃப் பண்ணிட்டு சோப்பு தண்ணில கழுவுங்க, பெரும்பாலும் புதுசு வாங்கவே வேண்டாம்.

சிலிக்கான் காய ஒரு நாள் விட்டுட்டு, மறுபடி ஊதுபத்தியோட ஒரு ரவுண்டு போங்க. எல்லாம் அடைச்சதுக்கு அப்புறம் ஜன்னல் கண்ணாடில தண்ணி முத்து முத்தா கோக்க ஆரம்பிச்சா சமையல் ஆவி வெளிய போகலன்னு அர்த்தம், சமைக்கும்போதும் முடிஞ்சப்புறம் கொஞ்ச நேரமும் எக்ஸாஸ்டை ஓட விடுங்க, இல்லன்னா சுவர்ல கருப்பா பூஞ்சை பிடிச்சிடும்.