நூலகத்தில் வாசகர் வட்டம்: முதல் கூட்டம் சுலபம், மூன்றாவதுதான் கஷ்டம்

நான் நடத்திய முதல் வாசகர் வட்டம் மூன்றே மாதத்தில் படுத்துவிட்டது. முதல் கூட்டத்துக்கு 23 பேர். நாற்காலி போதாமல் குழந்தைகள் பகுதியிலிருந்து முக்காலிகளை இழுத்துப் போட்டோம், போட்டோ எல்லாம் எடுத்தோம். இரண்டாவதுக்கு 9 பேர். மூன்றாவதுக்கு நான், நூலகர், மழைக்கு ஒதுங்கிய ஒருவர். காரணம் தேடி ரொம்ப தூரம் போகவேண்டியதில்லை. எனக்குப் பிடித்த 600 பக்க நாவலை முதல் புத்தகமாக வைத்திருந்தேன், நூலகத்தில் அதற்கு இருந்ததோ ஒரே பிரதி, அதை எடுத்துப்போனவர் அடுத்த கூட்டத்தன்றுதான் திருப்பிக் கொண்டுவந்தார். மற்ற 22 பேரும் எதைப் படித்துவிட்டு வருவார்கள்?

அப்புறம் வேறொரு நூலகத்தில் தொடங்கியது இன்றுவரை ஓடுகிறது. உங்கள் பகுதி நூலகத்திலும் இப்படி ஒன்றைத் தொடங்கும் எண்ணம் இருந்தால், நான் தடுக்கி விழுந்த இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நூலகர்

புத்தகம், தலைப்பு, வட்டத்துக்கு அழகான பெயர், இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நூலகரைப் போய்ப் பாருங்கள். வரிசை நிற்கும் நேரத்தில் போகாதீர்கள், அவர் கொஞ்சம் மூச்சு விடும் நேரமாகப் பார்த்துப் போங்கள். எந்த நாள், எந்த நேரம் கூடம் காலியாக இருக்கும், மூடும் நேரம் தாண்டினால் சாவி யாரிடம், ஒரே புத்தகத்தின் எத்தனை பிரதிகளை மற்ற கிளைகளிலிருந்து வரவழைக்க முடியும், எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம், உறுப்பினர் அல்லாதவர்கள் வரலாமா என்று எல்லாவற்றையும் அப்போதே கேட்டுவிடுங்கள். கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும், வாசலில் ஒருவரைத் திருப்பி அனுப்ப நேரும்போதுதான் அதன் கனம் புரியும். நூலகத்தில் ஏற்கெனவே ஏதாவது நிகழ்ச்சி நடக்கிறதா என்றும் கேளுங்கள். நடந்தால் முதலில் அதில் இரண்டு முறை போய் உட்காருங்கள். போட்டிக்கு இன்னொன்றைத் தொடங்குவதைவிட அதில் சேர்ந்துகொள்வது நல்லதாக இருக்கலாம்.

நூலகருக்கும் உங்களிடமிருந்து ஒன்று வேண்டியிருக்கும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை புத்தகம் வெளியே போனது என்ற கணக்கு. அடுத்த முறை பிரதிகள் வாங்கவோ இடம் ஒதுக்கவோ மேலிடத்தில் கேட்கும்போது அவர் கையில் காட்ட இருப்பது அதுதான். நோட்டு ஒன்றில் தேதி, பெயர், முதல்முறை வருகிறாரா என்று மூன்றே கட்டம் போட்டு வைத்தால் போதும்.

நுழைவுக் கட்டணம் என்ற யோசனையே வேண்டாம். யுனெஸ்கோவும் நூலகச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பும் வெளியிட்டிருக்கும் பொது நூலக அறிக்கை, 2022-ல் திருத்தியபோதும், பொது நூலகச் சேவை கொள்கையளவில் இலவசமாகவே இருக்கவேண்டும் என்கிறது. எனக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. காசு வாங்கினால் வருகிறவர் பார்வையாளர் ஆகிவிடுவார், 'என்ன காட்டப்போகிறாய், காட்டு' என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

தேதியை ஓட்டுக்கு விடாதீர்கள்

"எல்லாருக்கும் எந்த நாள் வசதி?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டீர்களோ, கதை முடிந்தது. நான்கு நாள் விவாதம் நடக்கும், கடைசியில் யாருக்குமே வசதியில்லாத நாள் தேர்வாகும். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மாலை 5 மணி என்பதுபோல ஒன்றை நீங்களே வைத்து, அதை மாற்றவே மாற்றாதீர்கள். நான்கு பேர்தான் வந்தாலும் நடத்துங்கள். ஒருமுறை ரத்து செய்தால், அடுத்த மாதம் 'நடக்குமோ என்னமோ' என்று பாதிப் பேர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் வகுத்துத் தந்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அது நூலகம் இயங்கும் முறைக்குச் சொன்ன விதிதான், ஆனாலும் நான் அதைக் கூட்டத்துக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். 5 மணி என்றால் 5 மணிக்கே ஆரம்பம், இரண்டு பேர்தான் இருந்தாலும் சரி. 6:30-க்கு யார் பேச்சு எவ்வளவு சுவையாகப் போனாலும் நிறுத்தம். மீதியை வாசலில் நின்று பேசுவார்கள், பேசட்டும். உண்மையைச் சொன்னால் அந்த வாசல் பேச்சுக்காகவே திரும்ப வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

எந்தப் புத்தகம்?

இதில் உங்கள் ரசனைக்குக் கடைசி இடம்தான். கையில் எத்தனை பிரதி இருக்கிறது என்பதுதான் முதலில். ஐந்து பிரதியாவது கிடைக்காத புத்தகத்தை நான் இப்போது தொடுவதே இல்லை. 200 பக்கத்துக்குள் இருந்தால் நல்லது, முதல் மூன்று மாதத்துக்கு அது கட்டாயம் என்றே சொல்வேன். பிரதிகளை முந்தின கூட்டம் முடிந்தவுடன் அங்கேயே கொடுத்துவிடுங்கள், அதாவது அடுத்த புத்தகத்தை ஒரு மாதம் முன்னாலேயே முடிவு செய்து நூலகரிடம் சொல்லி, பிரதிகளை மேசைமேல் அடுக்கி வைத்திருக்கவேண்டும். 'நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன்' என்று சொன்னவர்களில் வந்து எடுத்தவர்கள் குறைவு.

பிரதியே கிடைக்கவில்லையா? படிக்காமல் வரும் கூட்டமாக மாற்றிவிடுங்கள். சிறுகதை ஒன்றை அங்கேயே சத்தமாக, ஆளுக்கு ஒரு பக்கம் என்று படித்து, நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்திப் பேசினால் ஒன்றரை மணி நேரம் போவதே தெரியாது. வாய்விட்டுப் படிக்கக் கூச்சப்படுபவர்களை வற்புறுத்தக் கூடாது, தலையசைத்துப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இன்னொரு வழி, அவரவர் புத்தகத்தோடு வந்து ஒரே இடத்தில் அமைதியாகப் படிப்பது. 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு தோழிகள் இப்படித்தான் ஆரம்பித்தார்கள், மௌன வாசிப்புக் குழுக்கள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன. ஒரு மணி நேரம் வாசிப்பு, முன்னும் பின்னும் விருப்பமிருந்தால் பேச்சு, அவ்வளவுதான் விதிமுறை. பேச வராதவர்களுக்கும், பேசிப் பேசியே அலுத்தவர்களுக்கும் இது ஏற்றது.

ஊர் முழுக்க ஒரே புத்தகம் என்ற பெரிய யோசனையும் நூலகத்திலிருந்து வந்ததுதான். 1998-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் நான்சி பேர்ல் என்ற நூலகர் தொடங்கிவைத்தார், பிறகு பல நகரங்கள் எடுத்துக்கொண்டன. ஆனால் அதற்கு நூற்றுக்கணக்கில் பிரதிகள் வேண்டும், அதனால் ஆர்வக்கோளாறில் முதல் வருடமே இறங்கிவிடாதீர்கள். அதே பேர்ல் சொன்ன இன்னொரு விதிதான் எங்களுக்கு அதிகம் உதவியது. 50 பக்கம் படித்தும் பிடிக்கவில்லையென்றால் புத்தகத்தை மூடிவிடலாம். வயது 50-ஐத் தாண்டியவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்துக்கொண்டு மீதிப் பக்கத்தோடு விட்டுவிடலாம், 70 வயதுக்காரருக்கு 30 பக்கம். இதை முதல் கூட்டத்தில் சொன்னதும் அறையில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு கேட்டது.

முதல் கேள்வி

நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். மேடை, மைக், சிறப்பு விருந்தினர் எதுவும் வேண்டாம். 8 முதல் 12 பேர் என்றால் ரொம்ப நல்ல அளவு, 15-ஐத் தாண்டினால் இரண்டாகப் பிரியுங்கள்.

"புத்தகம் எப்படி இருந்தது?" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். 'நல்லா இருந்தது' என்று ஒருவர் சொல்வார், 'ஆமாம்' என்று இன்னொருவர் சொல்வார், அதோடு சரி. அதைவிட மோசம், முழுதாகப் படிக்காதவர்கள் மாட்டிக்கொண்டதுபோல தலையைக் குனிந்துகொள்வார்கள், அடுத்த மாதம் வரமாட்டார்கள். நான் கேட்பது, "எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள்?" என்று. முடித்தவருக்கும் ஏதோ ஒரு இடத்தில் கை நின்றிருக்கும், முடிக்காதவருக்கோ பதில் தயாராகவே இருக்கும்.

ஒருமுறை இப்படிக் கேட்டபோது, ஓய்வுபெற்ற அம்மா ஒருவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நாற்பத்தேழு. அந்தப் பொண்ணு லெட்டரைப் பிரிக்காமலே அடுப்பில போட்டுடுறா. அதுக்கு மேல எனக்குப் படிக்க மனசு வரல" என்றார். புத்தகத்தைக் கடைசிவரை படித்திருந்த மூன்று பேர் சட்டென்று 47-ஆம் பக்கத்தைத் திருப்பினார்கள். மூன்று பேருமே அந்த வரியைக் கவனிக்காமல் தாண்டிப் போயிருந்தார்கள். அவள் ஏன் பிரிக்கவில்லை என்பதிலேயே அன்றைக்கு இருபது நிமிடம் போனது, பேச்சை நடத்தியது பாதிகூடப் படிக்காத அந்த அம்மா.

கேள்வி கேட்டதும் அமைதி வரும். பயந்து நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். மனசுக்குள் பத்துவரை எண்ணுங்கள், பெரும்பாலும் எட்டுக்குள் யாராவது தொண்டையைச் செருமுவார்கள். இதற்கு நேர்மாறாக, ஒருவர் பிடித்தால் விடாமல் பேசுபவராக இருப்பார், எல்லாக் கூட்டத்திலும் உண்டு. அவர் மூச்சு வாங்கும் இடத்தில், "நீங்கள் சொன்னதில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்கிறேன், இவர் என்ன நினைக்கிறார் என்று கேட்போம்" என்று அடுத்தவரிடம் திருப்பிவிடுங்கள். அதிலும் அடங்கவில்லையென்றால் நேரம் பார்க்கும் வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள். ஆச்சரியமாக இது வேலை செய்கிறது.

பிள்ளைகளுக்கு என்றால்

கதை சொல்லும் நேரத்தில், படப் புத்தகத்தை உங்களைப் பார்த்துப் பிடிக்காமல் தோளுக்குப் பக்கவாட்டில், படம் பிள்ளைகளைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு கடைக்கண்ணால் வரிகளைப் படிக்கப் பழகுங்கள். வீட்டில் இரண்டு முறை செய்துபார்த்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் மணிக்கட்டு வலிக்கும், வரியும் தவறும்.

விடுமுறை வாசிப்புத் திட்டங்களில் எல்லாரும் செய்யும் தவறு பரிசு. அதிகப் புத்தகம் படித்தவருக்குக் கோப்பை என்று வைத்தால், மெலிந்த புத்தகங்களாகப் பொறுக்கி எடுத்து ஐம்பது முடித்தேன் என்று வந்து நிற்பார்கள். 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று ஆய்வாளர்கள் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் ஒன்று செய்துபார்த்தார்கள். படம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று சொல்லி வரையவைத்த குழந்தைகள், பிறகு சும்மா இருக்கும் நேரத்தில் வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு அப்படி ஆகவில்லை. அதனால் பரிசு கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, முன்கூட்டி அறிவித்து ஆசை காட்டாதீர்கள், கொடுத்தால் புத்தகமாகக் கொடுங்கள். இலக்கும் சின்னதாக இருக்கட்டும். பிரிட்டனில் 1999-லிருந்து நடக்கும் கோடை வாசிப்புச் சவாலில் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் வைத்த இலக்கு ஆறே புத்தகம்தான்.

காமிக்ஸ் கணக்கில் சேருமா என்று பெற்றோர் கேட்பார்கள். சேரும்.

எழுத்தாளரை அழைக்கும்போது

வருடத்துக்கு இரண்டு முறை போதும். அழைக்கும் முன் அவர் புத்தகம் ஒன்றையாவது வட்டத்தில் படித்திருக்கவேண்டும், எழுதியவர் முன்னால் அவரை யாருமே படிக்காத கூட்டத்தை உட்காரவைப்பதைப்போல அவமரியாதை வேறில்லை. போக்குவரத்துச் செலவு யாருடையது, சன்மானம் உண்டா, நூலகத்துக்குள் அவர் புத்தகத்தை விற்க அனுமதி உண்டா, இதையெல்லாம் கூச்சப்படாமல் முதல் பேச்சிலேயே தெளிவாக்கிவிடுங்கள்.

'உரை நிகழ்த்துவார்' என்று போடாமல் உரையாடலாக வையுங்கள். இரண்டு நிமிட அறிமுகம் (அவருடைய பெயரை அவர் எழுதுவதுபோலவே நோட்டீஸில் எழுதுங்கள்), 15 நிமிடம் அவரே தன் எழுத்தைப் படிக்கட்டும், வட்டத்தில் ஒருவர் 20 நிமிடம் கேள்வி கேட்கட்டும், மீதி எல்லாருக்கும். கேள்விகளைத் துண்டுச் சீட்டில் வாங்குங்கள். மைக்கைக் கையில் கொடுத்தால் 'எனக்கு ஒரு சின்னக் கேள்வி' என்று எழுந்தவர் சொந்தக் கவிதையோடுதான் உட்காருவார்.

ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள், 1995-ல் யுனெஸ்கோ அறிவித்தது. அன்றைக்கு எழுத்தாளர்கள் எல்லாரையும் யாராவது ஏற்கெனவே பிடித்துவைத்திருப்பார்கள். நீங்கள் மே மாதத்தில் வையுங்கள்.

அழைக்க எழுத்தாளரே இல்லையென்றால் மனித நூலகம் என்று ஒன்று இருக்கிறது, 2000-ல் டென்மார்க்கின் ராஸ்கில்டே இசை விழாவில் தொடங்கியது. மனிதர்களே அங்கே புத்தகம். செவிலியர், பார்வையற்றவர், அகதியாக வந்தவர் என்று தன் வாழ்க்கையைச் சொல்லச் சம்மதித்தவர்களை வாசகர்கள் அரை மணி நேரத்துக்கு 'இரவல்' எடுத்து உட்கார்ந்து பேசுவார்கள். எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லமாட்டேன் என்று புத்தகமாக இருப்பவர் முன்பே சொல்லிவிடலாம், அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆள் சேர்ப்பது பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சுவரொட்டியை வாசலில் ஒட்டுவதைவிடப் புத்தகம் திருப்பித் தரும் மேசையில் வையுங்கள், அங்கேதான் நின்று காத்திருப்பார்கள். நூலகர் சம்மதித்தால் அந்த மாதம் படிக்கும் புத்தகத்தை எழுதியவரின் மற்றப் புத்தகங்களுக்குள் சின்னச் சீட்டு வைக்கலாம். அதையெல்லாம்விட, வந்தவர்கள் அடுத்தமுறை ஒருவரைக் கூட்டி வருவதுதான் நிற்கிறது.

அப்புறம் ஒன்று, நான்காவது மாதத்திலிருந்தே கூட்டத்தை நடத்தும் பொறுப்பை மாற்றி மாற்றிக் கொடுங்கள். முதலில் கேள்வி கேட்பதை ஒருவருக்கு, பிறகு புத்தகம் தேர்வதை இன்னொருவருக்கு, நோட்டை மூன்றாமவருக்கு. எனக்குக் காய்ச்சல் வந்து போக முடியாத சனிக்கிழமை ஒன்று இருந்தது, வீட்டில் படுத்துக்கொண்டு ஐந்தரை மணிவரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன், யாரும் கூப்பிடவில்லை. திங்கட்கிழமை நூலகரிடம் போய்க் கூட்டம் நடந்ததா என்று கேட்டேன். "நீங்க வரலையா? நான் கவனிக்கவே இல்லையே" என்றார்.