41,570 ரூபாய் எங்கிருந்து வந்தது? வரி டிமாண்டைப் பிரித்துப் பார்க்கும் வழி

2023 செப்டம்பர். மூன்றாவது பீரியட் முடிந்து ஸ்டாஃப் ரூமுக்கு வந்து செல்போனை எடுத்தால், ரிட்டர்ன்களைச் சரிபார்க்கும் வருமான வரித்துறை மையமான பெங்களூரு சி.பி.சி.யிலிருந்து ஒரு மெயில். நான் கட்ட வேண்டிய தொகை 41,570 ரூபாய் என்றது. ஜூலையில் ரிட்டர்ன் போட்டபோது பாக்கி பூஜ்யம் என்றுதான் வந்தது. வரியைச் சம்பளத்திலேயே பிடித்துவிட்டார்கள். அப்புறம் இது எங்கிருந்து முளைத்தது? ஏன் என்று ஒரு வரி விளக்கம்கூட இல்லை. பதின்மூன்று வருடமாகக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். எனக்கே கணக்கு இடித்தது.

ரிட்டர்ன் போட்டுக் கொடுத்த பிரவுசிங் சென்டர் தம்பி, "பேசாமக் கட்டிடுங்க டீச்சர், அவங்களோட மல்லுக்கட்ட முடியுமா" என்றார். முடிந்தது. எப்படி என்பதைச் சொல்கிறேன்.

முதலில், வந்தது அசல்தானா என்று பாருங்கள். வரி பாக்கி, ரீஃபண்ட் என்று சொல்லி வரும் போலி மெயில்களும் எஸ்.எம்.எஸ்.களும் ஏராளம். மெயிலில் உள்ள லிங்க் எதையும் தொடாமல், இ-ஃபைலிங் தளத்துக்கு நீங்களாகப் போய் உங்கள் கணக்கில் நுழையுங்கள். தாக்கல் செய்த ரிட்டர்ன்கள் பட்டியலில் அந்த வருடத்துக்கு நேரே இன்டிமேஷன் ஆர்டரை இறக்கிக்கொள்ளலாம். அங்கே இருந்தால் அசல். அந்த பி.டி.எஃப். கடவுச்சொல் கேட்கும். பான் எண்ணைச் சின்ன எழுத்தில் அடித்து, இடைவெளி விடாமல் பிறந்த தேதியை எட்டு இலக்கமாகச் சேர்க்க வேண்டும். நான் பெரிய எழுத்தில் அடித்து அடித்து அரை மணி நேரம் வீணாக்கினேன்.

பிரிவு 143(1)-இன் கீழ் வரும் இந்த இன்டிமேஷனில் பயப்பட ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் சரிபார்த்து அனுப்புவது. அதில் இரண்டு பத்திகள் இருக்கும். இடது பக்கம் ரிட்டர்னில் நீங்கள் சொன்னது, வலது பக்கம் அவர்கள் போட்டது. எல்லோரும் முதலில் கடைசி வரிக்குப் போய், பெரிய எண்ணைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். கடைசி வரியை ஒரு காகிதத்தால் மூடிவிடுங்கள். ஒரு ஸ்கேலை வைத்து மேலிருந்து ஒவ்வொரு வரியாக இறங்கி வாருங்கள். சம்பளம், வீட்டு வருமானம், வட்டி, கழிவுகள், மொத்த வருமானம், வரி, வரியின் மேல் போடும் நான்கு சதவீத செஸ்... இரண்டு பத்தியும் முதன்முதலாக எங்கே பிரிகிறதோ அங்கே நில்லுங்கள். கோளாறு அந்த வரியில்தான். அதற்குக் கீழே மாறியிருப்பவை பெரும்பாலும் அதன் விளைவுகள். பரீட்சைப் பேப்பர் திருத்தும்போது மூன்றாவது ஸ்டெப்பில் ஒரு மைனஸ் தவறினால் விடை வரைக்கும் எல்லாம் தப்பாகத்தானே வரும், அது மாதிரி.

எனக்கு மொத்த வருமானம் வரை எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு பக்கமும் 7,40,000. வரி 60,500, செஸ்ஸோடு 62,920, அதுவும் சரி. அடுத்து, அரியருக்கான பிரிவு 89 வரி நிவாரணம். இடது பக்கம் 37,440. வலது பக்கம் 0.

அப்படியானால் மீதி 4,130 ரூபாய்? அது வட்டி. வருடத்துக்குள்ளேயே தவணையாகக் கட்ட வேண்டிய முன்வரியைக் கட்டாததற்கு 234பி பிரிவில் மாதம் ஒரு சதவீதம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதம். நூறுக்குக் குறைந்ததை விட்டுவிட்டு 37,400-க்குக் கணக்குப் போட்டால் 2,244. தவணை தவறியதற்கு 234சி பிரிவில் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் நான்கு தவணைக்கும் சேர்த்து 1,886. இப்போது 37,440, 2,244, 1,886 மூன்றையும் கூட்டுங்கள். 41,570. ஒரு ரூபாய் பிசகவில்லை. எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததுமே பாதி பயம் போய்விட்டது.

கழிவு ஏதாவது விடுபட்டு வருமானமே மாறியிருந்தால், பின்னாலிருந்து போய்க் கண்டுபிடிக்கலாம். டிமாண்டிலிருந்து வட்டியைக் கழியுங்கள். மீதியை 1.04-ஆல் வகுத்தால் செஸ் போய்விடும். வந்ததை உங்கள் ஸ்லாபின், அதாவது வரி அடுக்கின், சதவீதத்தால் வகுங்கள். உதாரணத்துக்கு மீதி 20,800 என்றால், 1.04-ஆல் வகுத்து 20,000. இருபது சதவீத ஸ்லாபில் இருப்பவருக்கு அது ஒரு லட்சம் வருமானம். ஆக, எங்கோ ஒரு லட்சம் இடிக்கிறது என்று தெரிந்துவிடும். சேமிப்புக்கான 80சி கழிவில் உச்சவரம்பு ஒன்றரை லட்சம் என்பதை மறந்து இரண்டரை லட்சம் எழுதி வைத்திருப்பார்கள்.

சரி, என் 37,440-க்கு என்ன ஆயிற்று? தேர்வு நிலை ஊதிய நிர்ணயம் தாமதமாகி, மூன்று வருட அரியர் 1,80,000 ரூபாய் அந்த வருடம் மொத்தமாகக் கையில் வந்தது. முந்தைய வருடங்களில் வீட்டுக் கடன் வட்டியெல்லாம் கழித்து என் வருமானம் ஐந்து லட்சத்துக்குக் கீழே. 87ஏ தள்ளுபடியில் வரியே கிடையாது. அந்தந்த வருடத்திலேயே 60,000 கூடியிருந்தாலும் ஐந்து லட்சத்தைத் தாண்டியிருக்காது. கடன் முடிந்த வருடத்தில் மொத்தமாக வந்ததால் இருபது சதவீதத்தில் மாட்டிக்கொண்டது. இந்த அநியாயத்தைச் சரிசெய்யத்தான் பிரிவு 89. பள்ளி அலுவலகத்தில் அதைச் சரியாகவே கணக்கிட்டு, சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் ஃபார்ம் 16-லும் போட்டிருந்தார்கள். ஃபார்ம் 10-இ என்ற தாளில் என்னிடம் கையெழுத்தும் வாங்கினார்கள்.

அங்கேதான் ஓட்டை. அந்தத் தாள் அலுவலகக் கோப்புக்கு. அதே 10-இ படிவத்தை நாமே இ-ஃபைலிங் தளத்திலும் போட வேண்டும்; அதுவும் ரிட்டர்னுக்கு முன்னால். இதை யாரும் சொல்லவில்லை. படிவம் தளத்தில் இல்லையென்றால் சி.பி.சி. நிவாரணத்தைப் பூஜ்யமாக்கிவிடும்.

உங்களுக்கு இடிக்கும் இடம் வேறாக இருக்கலாம். அதிகம் பார்ப்பது டி.டி.எஸ்., அதாவது பணம் கொடுப்பவரே பிடித்துக்கொள்ளும் வரி. வரி பிடித்தவர் அதைக் காலாண்டு அறிக்கையில் காட்டாமலோ, பான் எண்ணில் ஓர் எழுத்தை மாற்றியோ இருந்தால் உங்கள் பேரில் வந்த வரியைக் காட்டும் 26ஏ.எஸ். பட்டியலில் அது ஏறாது. அப்போது வரித்துறையிடம் முட்டி மோதிப் பயனில்லை. பிடித்தவரிடம் போய், திருத்த அறிக்கை போடச் சொல்லுங்கள். 26ஏ.எஸ்.-இல் ஏறிய பிறகு நம் வேலை சுலபம். பிடித்த பணத்தை அவர் கட்டவே இல்லை என்றால், அந்த வரியை நம்மிடம் நேரடியாக வசூலிக்கக் கூடாது என்று பிரிவு 205 சொல்கிறது. சம்பளப் பட்டியலையும் வங்கி வரவையும் பத்திரமாக வைத்திருங்கள். நீங்களே பாக்கி வரியைக் கட்டியவர் என்றால், சலான் விவரத்தைப் பாருங்கள்: வங்கிக் கிளையைக் குறிக்கும் ஏழு இலக்க பி.எஸ்.ஆர். குறியீடு, ஐந்து இலக்க சலான் எண், தேதி. ஓர் இலக்கம் புரண்டாலும் கட்டிய பணம் கணக்கில் வராது. இன்னொன்று, வருடக் குழப்பம். 2022-23-இல் சம்பாதித்ததற்கு மதிப்பீட்டு ஆண்டு 2023-24. சலானில் இதை மாற்றிப் போட்டவர்கள் முதலில் சலானைத் திருத்த வேண்டும்.

இனி பரிகாரம். முப்பது நாள் கெடு. அதற்குள் கட்டாத பாக்கிக்கு 220(2) பிரிவில் மாதம் ஒரு சதவீதம் வட்டி ஏறும். பின்னால் ரீஃபண்ட் வந்தால் அதிலும் பிடித்துக்கொள்வார்கள். நூறு ரூபாய்க்குக் கீழே என்றால் விட்டுவிடுங்கள்.

நான் செய்த வரிசை இது. முதல் நாள் இரவு தளத்தில் 10-இ போட்டேன். மதிப்பீட்டு ஆண்டு 2023-24, அரியருக்கான முதல் இணைப்பு, ஒவ்வொரு வருட வருமானமும் அந்தந்த ஃபார்ம் 16-ஐப் பார்த்து. கடைசியில் தளமே 37,440 என்று காட்டியபோது, சரியான விடை எழுதிய பிள்ளையைப் பார்ப்பது போல அந்தத் திரையைப் பார்த்தேன். ஆதார் ஓ.டி.பி. போட்டு முடித்து, ஒப்புகைச் சீட்டைச் சேமித்தேன்.

இரண்டு நாள் கழித்து, பிரிவு 154-இன் கீழ் திருத்த விண்ணப்பம். தளத்தில் சர்வீசஸ் பகுதியில் ரெக்டிஃபிகேஷன் என்று இருக்கும். உள்ளே போனால் பல வகைகள் கேட்கும். இங்கேதான் பலர் தப்பாகத் தட்டுகிறார்கள். ரிட்டர்னில் நீங்கள் எழுதியது எல்லாம் சரி, அவர்கள் பக்கம்தான் ஏதோ விடுபட்டது என்றால் 'ரீபிராசஸ்' போதும். டி.டி.எஸ்., சலான் விவரத்தை நீங்களே தப்பாக எழுதியிருந்தால் 'டாக்ஸ் கிரெடிட்' வகை. ரிட்டர்னில் வேறு ஏதாவது எண் புரண்டிருந்தால் 'ரிட்டர்ன் டேட்டா' வகை. நான் முதல் வகையைத் தேர்ந்தேன்.

விண்ணப்ப எண் கிடைத்ததும், நிலுவை டிமாண்டுக்குப் பதில் சொல்லும் பக்கத்துக்குப் போனேன். 'ஒத்துக்கொள்கிறேன்' என்பதைத் தட்டிவிட்டால் அப்புறம் மறுக்க முடியாது. அதனால் அவசரம் வேண்டாம். 'ஒத்துக்கொள்ளவில்லை' என்பதைத் தட்டி, காரணமாக சி.பி.சி.யில் திருத்த விண்ணப்பம் போட்டிருக்கிறேன் என்பதைத் தேர்ந்து, தொகை முழுவதையும் எழுதினேன். தொகையில் ஒரு பகுதி நியாயம் என்றால் அதை மட்டும் கட்டிவிட்டு மீதியை மறுக்கலாம்.

எழுதவே மறந்துபோன புதுக் கழிவைத் திருத்த விண்ணப்பத்தில் நுழைக்க முடியாது. அதற்குத் திருத்திய ரிட்டர்ன் போட வேண்டும். 2023-24-க்கு அதன் கெடு 2023 டிசம்பர் 31. திருத்த விண்ணப்பத்துக்கோ, ஆர்டர் வந்த நிதியாண்டு முடிந்து நான்கு வருடம் வரை நேரம் உண்டு. அதை நிராகரித்துவிட்டால் முப்பது நாளுக்குள் ஃபார்ம் 35-இல் மேல்முறையீடு; வருமானம் இரண்டு லட்சத்துக்கு மேல் என்றால் கட்டணம் 1,000 ரூபாய். அந்தக் கட்டத்தில் நல்ல ஆடிட்டர் ஒருவரைப் பிடித்துவிடுவது உத்தமம். சந்தேகம் கேட்க 1800 103 0025 என்ற இலவச எண் உண்டு. மூன்றாவது தடவை லைன் கிடைத்தது. பேசிய பெண் பொறுமையாகவே பதில் சொன்னார்.

இந்தப் பிரிவு எண்கள் எல்லாம் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளவை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டுப் புதுச் சட்டம். அதில் எண்கள் வேறு. 2026 மார்ச் வரை சம்பாதித்ததற்குப் பழைய சட்டம்தான்.

ஐந்து வாரத்தில் 154 ஆர்டர் வந்தது. ஸ்கேலை வைத்து மறுபடி மேலிருந்து இறங்கினேன். நிவாரணம் 37,440, இரண்டு பக்கமும். கட்ட வேண்டியது 0.

எங்கள் பள்ளித் தமிழ் ஐயாவுக்கும் அதே அரியர், அதே மெயில். அவர் சண்டை சச்சரவு வேண்டாம் என்று கட்டிவிட்டிருந்தார். "கட்டினாலும் திருத்தம் கேட்கலாம் ஐயா" என்று இழுத்து உட்காரவைத்து 10-இ போட வைத்தேன். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் பணம் வங்கியில் விழுந்தது, 244ஏ பிரிவில் மாதம் அரை சதவீத வட்டியோடு. "வட்டி வேற குடுக்குறாங்கம்மா" என்று சந்தோஷமாக வந்தவரிடம், அந்த வட்டியும் வருமானம்தான், வரித்துறை வைத்திருக்கும் வருடாந்தரத் தகவல் அறிக்கையான ஏ.ஐ.எஸ்.-இல் ஏறிவிடும், அடுத்த ரிட்டர்னில் காட்ட மறந்துவிடாதீர்கள் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது.