மலேரியா இல்லாத மலைதான், ஆனாலும் ஊசி போடாமல் போகாதீர்கள்

எத்தியோப்பியாவின் பாலே மலைக்குப் போகிறேன் என்று யார் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அங்கே மலேரியா கிடையாதாமே, அப்போ ஊசி எதுவும் வேண்டாம் இல்ல?" புதிதாகப் போகிறவர்கள் வரிசையாக இதே பள்ளத்தில் விழுவதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். கம்பளி, டார்ச், பவர் பேங்க் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை.

மஞ்சள் காய்ச்சல் ஊசியை விடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டும் தவறு இது. ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் லென்ஸ் வாடகைக்கு எடுப்பது வரை எல்லாவற்றையும் பக்காவாகச் செய்தார். ஊசி மட்டும் போடவில்லை. டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் "கட்டாயமில்லை சார்" என்றாராம். உள்ளே நுழையும்போது இந்தியாவிலிருந்து வருகிறவரிடம் கேட்பதில்லை, அந்த மட்டுக்கும் சரி. சிக்கல் திரும்பி வரும்போதுதான்.

அந்த மலையின் அரிய எத்தியோப்பிய ஓநாயை ஆசை தீரப் படம் எடுத்துவிட்டு மீனம்பாக்கத்தில் இறங்கியவரிடம் சுகாதார கவுன்ட்டரில் மஞ்சள் புத்தகத்தை, அதாவது ஊசி போட்ட சான்றிதழைக் கேட்டார்கள். இல்லை. வீட்டார் வெளியே காத்திருக்க, அவரை நேராகத் தனிமைப்படுத்தும் இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த நாட்டிலிருந்து கிளம்பிய நேரத்திலிருந்து 6 நாள் வரை வைத்திருக்க விதி இருக்கிறது. மிச்சமிருந்த லீவு போச்சு, சம்பளமும் பிடித்தார்கள்.

"நான் இருந்தது 4,000 மீட்டரில், அங்கே கொசுவே இல்லை" என்று வாதாடியும் பார்த்திருக்கிறார். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து வருகிறீர்களா என்பதுதான் அவர்களுக்குக் கணக்கு, உயரத்தை யார் கேட்டார்கள்? விதியிலும் நியாயம் உண்டு. மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ், நம் தெருவில் டெங்குவைப் பரப்பும் அதே கொசு. வேளச்சேரிப் பூந்தொட்டித் தட்டில்கூட அது முட்டையிடும். அந்த நோய் இதுவரை இந்தியாவுக்குள் வந்ததில்லை. நம்மில் அநேகமாக யாருக்கும் எதிர்ப்பு சக்தியும் இல்லை. உள்ளே வந்துவிட்டால் பரவுவதற்குத் தடையே இருக்காது.

சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும், ராஜாஜி சாலையில் உள்ள துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். நினைத்த நாளில் போய் நின்றால் நடக்காது, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும். அப்புறம் ஆயுளுக்கும் போதும்; 2016 முதல் அப்படித்தான். முட்டை அலர்ஜி உள்ளவர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள். புத்தகத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே இருக்க வேண்டும். இனிஷியலை விரித்து எழுதுவதா வேண்டாமா என்று நம் ஆட்களுக்கு அங்கேயும் ஒரு குழப்பம் வரும்.

பயணம் முழுக்க மலேரியா இல்லை என்று நினைப்பது

அந்த நாட்டில் 2,500 மீட்டருக்கு மேலே மலேரியா பயம் இல்லை. அந்தக் குளிரில் கொசுவின் உடம்புக்குள் கிருமி வளராது. பாலே தேசியப் பூங்கா அலுவலகம் இருக்கும் தின்ஷோ சுமார் 3,100 மீட்டர், சனெட்டி பீடபூமி சுமார் 4,000. ஆனால் சனெட்டியின் தெற்கு விளிம்பிலிருந்து பாதை ஹரென்னா காட்டுக்குள் மளமளவென்று இறங்குகிறது. காட்டுக் காப்பியும் பாலே குரங்கும் இருக்கும் காடு, விடவும் மனசு வராது. அதையும் தாண்டி தோலோ மெனா வரை போனால் மலேரியா உள்ள பூமி. வழியில் ஹவாசா ஏரிக்கரையில் ஒரு ராத்திரி தங்கினாலும் அப்படித்தான். பயணத் திட்டத்தை ஊர் ஊராக டாக்டரிடம் காட்டி, மாத்திரை வேண்டுமா என்று கேளுங்கள்.

முதல் நாளே மேலே ஏறுவது

அடிஸ் அபாபாவே ஊட்டியைவிடச் சற்று உயரம். சனெட்டியோ தொட்டபெட்டாவைவிட 1,300 மீட்டருக்கும் மேல். அங்கிருக்கும் துல்லு திம்து உச்சி 4,377 மீட்டர், அதுவரை வண்டியே போகும். உயரத்துக்குப் பழகாத உடம்புக்கு ஆபத்தே அதில்தான். நடந்து ஏறினால் உடம்பு நிறுத்திவிடும், ஜீப் நிறுத்தாது. மெரினாவில் தினமும் ஓடுகிறேன் என்பதெல்லாம் இங்கே செல்லாது. தின்ஷோவில் இரண்டு ராத்திரி தங்குங்கள். மலை நியாலா மான் பார்க்க எப்படியும் அங்கேதான் போகணும். தலைவலியோடு வாந்தியும் வந்தால் இறங்கிவிடுங்கள்.

ஓநாயைத் துரத்துவது

உலகத்திலேயே 500 எத்தியோப்பிய ஓநாய்கள்கூட இல்லை, அதில் பாதிக்கு மேல் இந்த மலையில். அது பகலில் தனியாகவே இரை தேடும், பெருந்தலை வளை எலிதான் முக்கிய இரை. எலி வளைகள் நிறைந்த இடமாகப் பார்த்து உட்காருங்கள்.

நிலவரம் பார்க்காமல் கிளம்புவது

வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுறுத்தலைப் படித்த பிறகே பணம் கட்டுங்கள்.

கடிகாரம்

டிரைவர் 'ஒரு மணி' என்றால் காலை 7 மணியாக இருக்கலாம். அங்கே மணிக்கணக்கு விடியலில் தொடங்குகிறது. இரண்டு தடவை கேளுங்கள்.

பெட்டி நிறையப் புளிக்காய்ச்சல்

வேண்டாம். புளித்த மாவில் சுடும் தோசை மாதிரியான இஞ்செராவும் கடலைமாவுக் குழம்பு ஷிரோவும் சைவக்காரர்களுக்குத் தாராளமாகக் கிடைக்கும், காரமும் உண்டு.