பிள்ளையைப் பார்த்துவிட்டுத் தாயை மறக்கும் பயிற்சி வகுப்புகள்

அமெரிக்காவில் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க நாடுகளை வேராகக் கொண்ட) குடும்பங்களுக்கு நடத்தப்படும் பெற்றோர் பயிற்சி வகுப்புகளில் பலவும் ஒரே கணக்கைத்தான் பார்க்கின்றன. பிள்ளையின் அடம் குறைந்ததா, பள்ளியிலிருந்து புகார் வருவது நின்றதா? வகுப்புக்கு வந்த அம்மாவுக்கு ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்பது அபூர்வம். பெரிய தவறு இதுதான்.

சின்ன நல்ல செயலையும் கவனித்துப் பாராட்டுங்கள், கத்தாமல் கண்டியுங்கள், தினமும் கொஞ்ச நேரம் விளையாடுங்கள் என்கிறது பாடம். எல்லாம் சரி. ஆனால் மனச்சோர்வில் இருப்பவருக்கு முதலில் கைவிட்டுப்போவதே இந்தப் பொறுமையும் உற்சாகமும்தான். பகலில் ஹோட்டல் அறைகளையும் இரவில் அலுவலகங்களையும் சுத்தம் செய்யும் ஒரு தாய், சொன்னபடி செய்ய முடியாதபோது பாடத்தைக் குறை சொல்ல மாட்டார். 'நான்தான் சரியில்லை' என்று வீட்டுக்குப் போவார். அவருக்கு 'உங்களையும் கவனித்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு துண்டுத்தாள் கொடுப்பது, என்னைக் கேட்டால், கொடுக்காமல் இருப்பதைவிட மோசம்.

அடுத்தது, பாடப் புத்தகத்தை ஸ்பானிஷுக்கு மாற்றியதும் வேலை முடிந்தது என்று நினைப்பது. ஆய்வாளர் ருபேன் பார்ரா-கார்டோனாவும் அவருடைய குழுவினரும் டெட்ராய்ட்டில் மெக்சிகோவிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு ஒரே பயிற்சியை இரண்டு வடிவங்களில் நடத்திப் பார்த்தார்கள். ஒன்றில் வளர்ப்புத் திறன்கள் மட்டும். இன்னொன்றில் குடியேறியவர்களின் கஷ்டம், பாகுபாடு, இரண்டு பண்பாடுகளுக்கு நடுவே பிள்ளை வளர்ப்பது ஆகியவையும் சேர்ந்திருந்தன. வளர்ப்புத் திறன் இரண்டிலுமே கூடியது. ஆனால் பிள்ளைகள் உள்ளுக்குள் அடக்கி வைத்த பயமும் சோகமும் இரண்டாவதில்தான் அதிகம் குறைந்தன. பெற்றோரின் வாழ்க்கையைப் பேசுவது பாடத்தை விட்டு விலகுவது அல்ல என்பதற்கு இது போதாதா?

'வருவதில்லை, அக்கறை இல்லை' என்ற முடிவுக்கும் அவசரப்பட வேண்டாம். வார நாளில் காலை பத்து மணிக்கு வகுப்பு வைத்தால் அப்பாக்கள் எப்படி வருவார்கள்? கைக்குழந்தையை யார் பார்ப்பது? அப்புறம், முகவரி கேட்கும் படிவம். 2019-இல், அரசு உதவி பெறுவோருக்கு நிரந்தரமாகத் தங்கும் அனுமதியை மறுக்க இடம் தரும் குடியேற்ற விதி கடுமையானபோது, அந்த விதிக்குள் வராத குடும்பங்களும் பயந்து உதவிகளைக் கைவிட்டன. அந்தக் கடுமை 2021-இல் போனது. பயம் அதோடு போய்விடவில்லை. தேவையில்லாத விவரத்தைக் கேட்காதீர்கள். தாயின் மனநிலையைப் பேசும்போது மூத்த பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைக்காதீர்கள். எல்லோருக்கும் ஸ்பானிஷ் தாய்மொழி என்றும் எண்ண வேண்டாம். கலிபோர்னியாவின் ஆக்ஸ்நார்டில் மெக்சிகோவின் பழங்குடி மொழியான மிக்ஸ்டெக் பேசும் குடும்பங்கள் ஏராளம்.

யார் நடத்துகிறார்கள் என்பதும் முக்கியம். ஆய்வாளர் சாண்டி மகான்யா உருவாக்கிய ஆட்டிசப் பயிற்சியை நடத்துபவர்கள் 'புரோமோதோரா' எனப்படும் சமூகப் பணியாளர்கள். அவர்களே ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் தாய்மார்கள். தாயின் மன அழுத்தமும் அங்கே பாடத்தின் ஒரு பகுதி.

கடைசியாக ஒன்று. மனச்சோர்வுக் கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு, பதிலைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்காதீர்கள். ஸ்பானிஷ் பேசும் ஆலோசகர் எங்கே, காப்பீடு இல்லாதவரை எந்த மருத்துவமனை பார்க்கும் என்பதை முதல் வகுப்புக்கு முன்பே விசாரித்து வையுங்கள். தற்கொலை எண்ணம் என்று யாராவது சொன்னால் அன்றைக்கே அமெரிக்காவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ அழைக்கலாம். ஸ்பானிஷுக்கு 2-ஐ அழுத்த வேண்டும்.