பிரதேச செயலகத்தின் பேஸ்புக் பக்கத்தில் மண்சரிவு எச்சரிக்கை போடுவது எப்படி?

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வரும். மஞ்சள் என்றால் அவதானம், செம்மஞ்சள் என்றால் புறப்படத் தயார், சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். "ஹல்துமுல்லை – சிவப்பு" என்று வந்ததை அப்படியே பகிர்ந்தால் அந்தப் பிரிவின் கொஸ்லந்தைப் பக்கத்து லயனில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) இருப்பவருக்குத் தன் வீடும் அதில் அடங்குமா என்று விளங்காது. 2014 ஒக்டோபர் 29 அன்று மண்ணுக்குள் போன மீரியபெத்தை லயன்களைப் பற்றியும் முன்பே எச்சரித்திருந்தார்கள்.

ஆகவே ஆபத்தான தோட்ட டிவிஷன்களின் பட்டியலை மழைக்கு முன்பே கிராம உத்தியோகத்தரிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் வாங்கி வைத்திருங்கள். ஆவணத்தில் உள்ள பெயரோடு சனங்கள் கூப்பிடும் பெயரும் வேண்டும். பதிவு இப்படி இருந்தால் போதும்:

"ஒக்டோபர் 29, மாலை 4 மணி. மண்சரிவு – சிவப்பு. மேல் டிவிஷன், 1 முதல் 4 வரையான லயன்கள்: இப்போதே பாடசாலைக்குப் போங்கள். நாளை மாலை 4 மணி வரை. அவசரத்துக்கு 117."

திகதியும் நேரமும் முதல் வரியில் வருவதற்குக் காரணம் உண்டு. பேஸ்புக் பதிவுகளை நேர வரிசையில் காட்டுவதில்லை. முந்தாநாள் சிவப்பு இன்று காலை ஒருவரின் கண்ணில் படும்.

கடிதத்தைப் படமெடுத்துப் போடுவதை விடுங்கள். சிக்னல் குறைந்த மலையில் படம் திறக்காது, எழுத்து போய்ச் சேரும். அலுவலகக் கணினியில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். யுனிகோடுக்கு மாற்றிய பிறகு ஒட்டுங்கள். சிங்கள அறிவித்தலை இயந்திரத்தில் மொழிபெயர்த்தால், தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர் பார்க்காமல் வெளியே விடக்கூடாது. ஊர்ப் பெயரைக்கூட அது மொழிபெயர்த்துவிடும்.

வாட்ஸ்அப்பில் ஒலிபரப்புப் பட்டியல் 256 பேருக்குத்தான். அதிலும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவருக்கே செய்தி போகும். பலர் சேமித்திருக்க மாட்டார்கள். தோட்டத் தலைவர், ஆசிரியர், குடும்பநல உத்தியோகத்தர் ஆகியோரைக் கொண்ட குழுவே நம்பகமானது. எழுத்தோடு அரை நிமிடக் குரல் பதிவும் அனுப்புங்கள், வாசிக்கத் தெரியாத மூத்தவர்களுக்கு அதுதான் அறிவித்தல். அனுப்பியதை 15 நிமிடத்துக்குள்தான் திருத்தலாம், பகிரப்பட்ட பிரதிகள் மாறாது. டிவிஷன் பெயரை இருவர் சரிபார்க்கட்டும்.

சிவப்பு என்றால் இருட்டும் முன்பே போட வேண்டும். மின்சாரம் போனால் தொலைபேசிக் கோபுரத்தின் பேட்டரியும் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அதே நேரத்தில் கோயில் ஒலிபெருக்கிக்கும் ஆள் அனுப்புங்கள்.

எச்சரிக்கை நீங்கினால் புதிய பதிவு போட்டு, பழையதன் முதல் வரியில் "முடிந்தது" என்று சேர்த்துவிடுங்கள். நீடித்தால் விடியும் முன்பே சொல்லிவிடுங்கள்: மழை விட்டதும் மாட்டைப் பார்க்க லயனுக்குத் திரும்புவார்கள்.