புதிய ஷாட்கன்னைப் பொருத்தும்போது போல்ட் அசையவில்லையா?

அமெரிக்காவில் 1950 முதல் தயாரிக்கப்பட்டுவரும் ரெமிங்டன் 870 போன்ற பம்ப் வகை (முன்கைப்பிடியை முன்னும் பின்னும் இழுத்து இயக்கும்) ஷாட்கன்னைப் பெட்டியிலிருந்து எடுத்துக் குழலைப் பொருத்த முயலும்போது, போல்ட் (தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் நகரும் பாகம்) முன்பக்கத்திலேயே இறுகி நின்றுவிட்டால், அது பழுது என்று எண்ணிவிட வேண்டாம். உள்ளே தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் ‘சுத்தியல்’ என்ற பாகம் இழுபட்ட நிலையில் இருந்தால், பாதுகாப்புக்கான பூட்டு போல்ட்டைப் பின்னால் வரவிடாது.

முதலில் தோட்டா அறையிலும் மேகஸினிலும் (தோட்டாக்களை அடுக்கிவைக்கும் குழாய்) தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். புதிய துப்பாக்கி என்பதற்காக இதைத் தவிர்ப்பதை என்னால் ஏற்கவே முடியாது. பிறகு, விசையை (டிரிகர்) சுற்றியுள்ள காப்பு வளையத்தின் முன்னால் இடப்புறமுள்ள சிறு நெம்புகோலை மேல்நோக்கி அழுத்தியபடியே முன்கைப்பிடியைப் பின்னால் இழுத்தால், போல்ட் எளிதாக நகரும். விசையை இழுத்துப் பூட்டை விடுவிக்கும் பழக்கம் வேண்டாம்.

அப்போதும் நகர்வு கனமாக இருந்தால், துருப்பிடிக்காமலிருக்கத் தொழிற்சாலையில் பூசப்பட்ட கெட்டியான எண்ணெயைத் துடைத்துவிட்டு, மெல்லிய எண்ணெயைச் சிறிதளவு மட்டும் தடவுங்கள். முன்கைப்பிடியைப் பாதியளவு பின்னால் வைத்துக் குழலைச் செருகி, மேகஸின் மூடியைக் கையால் இறுக்கினால் போதும். எந்தக் கட்டத்திலும் சுத்தியல் போன்ற கருவியால் தட்டாதீர்கள். அசையாவிட்டால் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.